கீரை வண்டியில் என் குரல்

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மாவின் தொண்டைக்குள் விட்ட குழாயின் முனையில் கேமரா இருந்திருக்கிறது. திரையில் இளஞ்சிவப்பாக, ஈரமாக இரண்டு மடிப்புகள் தெரிந்தன. இரண்டின் ஓரத்திலும் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புடைப்பு.

"குரல்நாண்ல முடிச்சு. கத்திக் கத்தி வந்தது" என்றார். இரண்டு மாதத்துக்குக் குரலை உயர்த்தவே கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல். அவசியமானதை மட்டும், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் அளவில் பேசலாம். அப்படி இருந்தால் முடிச்சு தானாகவே கரைய வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் அறுவை சிகிச்சைதான். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார்.

"என்ன வேலை பண்றீங்கம்மா?"

"கீரை விக்கறேங்க."

"கடை வச்சிருக்கீங்களா?"

"தள்ளுவண்டிங்க. தெருத் தெருவா கத்திக்கினு போவணும்."

டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகினார். படி இறங்கும்போது அம்மா கரகரவென்று சிரித்தாள். "கீரைக்காரிய கத்தாதன்றாரு பாரேன். பஸ் டிரைவரப் புடிச்சி வண்டிய ஓட்டாதன்ற மாதிரி கீது."

"பேசாதம்மா. ஸ்பீக்கர் வாங்கலாம். கூப்பிடறத பதிவு பண்ணி வச்சிட்டா அது கத்தும், நீ சும்மா வண்டியத் தள்ளு. நான் பாத்துக்கறேன்."

எங்கள் வீட்டில் "நான் பாத்துக்கறேன்" என்பது நான் மட்டுமே சொல்லும் வாக்கியம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் வராது. பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்கும் போய்ப் பட்டத்தோடு வந்தது எங்கள் வகையறாவிலேயே நான் ஒருத்திதான். வங்கிப் படிவம், ரேஷன் அட்டைத் திருத்தம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க நான் நினைத்ததில்லை.

நான் செங்கம் ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். தியானத்துக்காகப் பல நாட்டிலிருந்தும் வந்து தங்குகிறார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே புகார் வரும். அங்கே தங்கியிருந்த ஒரு அம்மையார் பால்கனியில் துணி சுற்றிய உருளை போன்ற ஸ்பீக்கர் ஒன்றை வைத்து மெதுவாகப் பாட்டுக் கேட்பார். பார்க்க அழகாக இருக்கும், ஒலியும் கனமாக, வெதுவெதுப்பாக வரும். ஸ்பீக்கர் என்றதும் என் மனதில் வந்து நின்றது அதுதான்.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். எத்தனை வாட், சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், தண்ணீர் பட்டால் தாங்குமா என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கீரை வாடாமல் இருக்க அம்மா அடிக்கடி தண்ணீர் தெளிப்பாள் என்பதால் மூன்றாவது கேள்வியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அண்ணனும் தங்கையுமாக நடத்தும் செல்போன் கடைக்குப் போனேன். அன்று கல்லாவில் அந்த அக்காதான் இருந்தார். பர்தாவின் கையை முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டு ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வேணும் தங்கச்சி? பாட்டு கேக்கவா, பேச்சு கேக்கவா?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் விடுதியின் சீருடைச் சேலையில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றேன். கீரை வண்டிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

"பாட்டுக்குத்தான்கா."

"பாட்டுன்னா இத எடுத்துக்க. பேஸ் ஜாஸ்தி, நெஞ்சுல வந்து இடிக்கும்" என்று துணி சுற்றிய ஒரு உருளையை எடுத்து வைத்தார். நான் மனதில் வைத்திருந்ததே கிடைத்துவிட்டது. சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

அன்று சாயங்காலமே என் குரலில் நாலு வரி போனில் பதிவு செய்து, வாசலில் வைத்து ஓடவிட்டு, தெருமுனை வரை நடந்து போய்க் கேட்டேன். யாரோ குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. ஒரு சொல்லும் பிரிந்து வரவில்லை. நடுவில் கேஸ் ஏஜென்சியிலிருந்து எனக்குப் போன் வர, அந்த மணியும் ஸ்பீக்கரிலேயே ஒலித்துத் தெருவைக் கூட்டியது.

மறுநாள் அந்த அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னா? பேச்சுக்கு பேஸ் கம்மியா இருக்கணும். போன்கூட சேத்து வைக்கவும் வாணாம். இதுல மெமரி கார்டு போட்டுக்கலாம், ஒரு பட்டன அமுக்குனா திரும்பத் திரும்ப ஓடும். பாக்க டப்பா மாதிரி இருக்கும், ஆனா சுருக்குனு கேக்கும்." மாற்றிக் கொடுத்தார். கறுப்புப் பிளாஸ்டிக், முகத்தில் கம்பி வலை, மேலே கைப்பிடி. அழகு ஒன்றும் இல்லை. தெருமுனையிலிருந்து கேட்டபோது ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

என்ன பேசுவது என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. விடுதியில் படுக்கை விரிப்புகள் வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எழுதி வைத்ததைப் படித்தேன். "அன்பார்ந்த இல்லத்தரசிகளுக்கு வணக்கம். உங்கள் இல்லம் தேடி, இன்று பறித்த பசுமையான கீரை வகைகள் வந்துள்ளன. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, மணத்தக்காளி, அகத்திக்கீரை ஆகியவை கிடைக்கும்." பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய குரல் இது. ளகர லகர பேதம் பிசகாது. நான்காவது தடவை எனக்கே திருப்தியாக வந்தது.

வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா மூன்று முறை போடச் சொன்னாள்.

"இது நீயா பாப்பா? கலெக்டர் ஆபீஸ்ல மைக்குல பேசறாங்களே, அது மாதிரியே கீது."

லாட்ஜில் வாட்ச்மேனாக இருக்கும் அப்பா, வேலைக்குக் கிளம்பச் சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி நின்று கேட்டார். "நியூஸ் படிக்கறவங்கள வேலைய விட்டுத் தூக்கிடுவா போல கீதே இவ" என்றார். அம்மா முந்தானையால் ஸ்பீக்கரின் கம்பி வலையைத் துடைத்தாள். அது புத்தம் புதுசு, துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மறுநாளிலிருந்து ஸ்பீக்கர் வண்டியின் முன்கம்பியில் தொங்கியது. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து கீரைக் கட்டுகளோடு வேன் விடியலில் வந்துவிடும். அம்மா கட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு ஆறு மணிக்குக் கோயிலின் மேற்கு வாசலான பேகோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் நுழைவாள். பத்து மணிக்குத் திரும்புவாள். அதற்குள் நான் வேலைக்குப் போயிருப்பேன். சாயங்காலம் கேட்டால் "நல்லாப் போவுது பாப்பா" என்பாள். அடுத்த நாளும் அதே பதில்தான். வீட்டில் ஸ்பீக்கரை அடுப்பு மேடையில் வைத்துப் பாட்டுப் போடுவோம். கூடவே முணுமுணுக்கப் போவாள், நான் விரலைக் காட்டினால் நிறுத்திக்கொள்வாள். விடுதியில் ஒருமுறை சமையல்காரரிடம், அம்மாவுக்கு நான் செய்து கொடுத்த ஏற்பாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் அம்மாவின் குரல் இன்னும் மோசமாகிவிட்டது. சில வார்த்தைகளில் ஒலியே இல்லை, காற்று மட்டும் வந்தது. நான் கோபப்பட்டேன். "யார்கிட்டயோ கத்திக்கினு இருக்க நீ. அக்கம்பக்கத்துல நின்னு கத அளக்கற." அவள் இல்லை என்று தலையாட்டினாள். நான் நம்பவில்லை.

விடுதியில் அறை பெருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அம்மா கீரை விற்கும் தெருக்களில் ஒன்றில்தான் அவர் வீடு. ஒருநாள் டீ குடிக்கும்போது, என்னைப் பார்த்துத் தானாகச் சிரித்தார்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. உங்கம்மா வண்டி மொத நாள் வந்தப்ப எங்க தெருவுல பாதிப் பேரு குப்பை டப்பாவத் தூக்கிக்கினு ஓடியாந்துட்டோம். நானும்தான்."

எனக்குப் புரியவில்லை.

"குப்பை வண்டியிலயும் இப்படித்தான ஒரு பொண்ணு பேசுது? 'அன்பார்ந்த பொதுமக்களே, மக்கும் குப்பை, மக்காத குப்பை'ன்னு. அதே மாதிரி தமிழு. எதிர்வீட்டம்மா மாம்பழத்தோல உங்கம்மா வண்டியிலயே கொட்டிட்டாங்க. அப்புறம்தான் பாத்தா, கீரை."

எனக்கு முகம் சுட்டது. "இப்பவும் அப்படியாக்கா?"

"இப்ப தெரிஞ்சிடுச்சு. ஆனா அந்தப் பொட்டி பேச்ச யாரு கேக்கறாங்க? தெனமும் ஒரே மாதிரி அகத்தி இருக்குன்னுது. வெளிய வந்து பாத்தா அகத்தி இல்ல. பாவம், உங்கம்மாதான் அது மேல கேக்கற மாதிரி 'அகத்தி இல்லம்மா, முளைக்கீரை கீதும்மா'ன்னு கத்திக்கினு வராங்க. பொட்டி ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு வர மாதிரி இருக்கும்."

அவர் சொன்னது சிரிக்க வைக்கத்தான். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். கத்தாமல் இருப்பதற்காக நான் வாங்கிக் கொடுத்த பொருளுக்கு மேலே கேட்பதற்காக, அம்மா முன்னைவிட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அகத்தி தினமும் வராது. அமாவாசையன்று மாட்டுக்குக் கொடுக்கக் கட்டுக் கட்டாகக் கேட்பார்கள். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் மறுநாள் காலையில் கேட்பார்கள். அந்த நாட்களுக்கு மட்டும்தான் அம்மா எடுத்து வருவாள். அமாவாசையில் பல வீடுகளில் கீரை சமைக்கவே மாட்டார்கள், அதனால் அன்று மற்றக் கீரைகள் கொஞ்சமாகத்தான் இருக்கும். பௌர்ணமியில் கிரிவலக் கூட்டத்தில் வண்டி நுழையாது. அதற்கு முந்தின நாளே ரெண்டு நாளைக்கு வாங்கி வையுங்கள் என்று கூவுவாள். அவளுடைய கூவலில் அன்றைய நாள் இருந்தது. நான் எழுதிய நாலு வரியில் எந்த நாளும் இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கூடம் போன வயதிலிருந்து நான் அவள் வண்டிப் பக்கம் ஒரு காலைகூட நின்றதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி கேட்டேன்.

"நல்லாத்தான கீது பாப்பா" என்றாள், கரகரத்து.

"குப்பை டப்பாவத் தூக்கிக்கினு வந்தாங்களாமே?"

"வந்தாங்க. வந்தவங்க யாரு குரல் இதுன்னு கேப்பாங்க. எம் பொண்ணுன்னு சொல்வேன். இன்னா படிச்சிருக்குன்னு கேப்பாங்க. சொல்வேன்." ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "அந்தத் தெருவுல எத்தினி வருசமா போறேன். எம் பொண்ணு படிச்சது யாருக்குத் தெரியும்?"

"அப்ப கீரை?"

"கீரைய நான் கத்தி வித்துக்குவேன்."

என் பதிவு வேலைக்கு ஆகவில்லை என்பது முதல் நாளே அவளுக்குத் தெரியும். அதை எடுத்து வைத்துவிட்டால் கீரை விற்றிருக்கும், தொண்டையும் இவ்வளவு கெட்டிருக்காது. ஆனால் தெருவில் ஒலித்துக்கொண்டிருந்தது என் படிப்பு. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அது நன்றாக இருக்கிறதா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. நன்றாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். முடிச்சு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அவர் அம்மாவைத் திட்டவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "படிச்சவங்க, நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா? இன்னும் மூணு வாரம் தர்றேன். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட வேண்டாம். அப்பவும் இப்படியே இருந்துதுன்னா எடுத்துத்தான் ஆகணும்."

அன்றே முடிவு செய்தேன். ஒவ்வொரு நாளும் விடியலில், வேனில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அன்றைக்கான கூவலை அம்மா கூவுவது போலவே நான் கூவிப் பதிவு செய்து தருவேன். அம்மா கையை வேகமாக ஆட்டினாள். ஒரு வார்த்தைகூடக் கூடாது என்பதையும் மறந்து பேசினாள்.

"வாணாம். அந்தப் பழைய பேச்சே இருக்கட்டும், இது வாணாம். உன்ன கீரை கூவறதுக்கா படிக்க வச்சேன்?"

"பேசாதம்மா."

"என்னாட்டம் கத்துனா அப்புறம் நீ..."

"பேசாதன்னேன்."

மறுநாள் வேன் நிற்கும் இடத்தில், கட்டுகளுக்கு நடுவே நின்று, போனை வாய்க்கு அருகில் பிடித்தேன். மற்றக் கீரைக்காரிகள் வேடிக்கை பார்த்தார்கள். "கீரேய்ய்" என்று இழுக்க வேண்டும். எனக்குக் "கீரை" என்றுதான் வந்தது, பாடப்புத்தகத்தில் இருப்பது போல. ஒரு அக்கா "தமிழய்யா வந்துட்டாருடியோவ்" என்றார். சிரித்தார்கள். ஆறாவது தடவை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "கீரேய்ய்... அரைக்கீரை கீதும்மா, முளைக்கீரை கீதும்மா, மணத்தக்காளி கொஞ்சந்தான் கீது, மொதல்ல வர்றவங்களுக்குத்தான்." சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அம்மா வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

பதிவைக் கார்டில் ஏற்றி, ஸ்பீக்கரில் போட்டு அவளை அனுப்பிவிட்டு நான் வேலைக்குப் போனேன். பத்தரை மணிக்கு அறை பெருக்கும் அக்கா வந்தார். "இன்னிக்கு உங்கம்மா வந்தாங்களான்னே தெரியல. வண்டி தாண்டிப் போனப்புறம்தான் பாத்தேன்."

"பொட்டி ஓடலியா?"

"ஓடுச்சு. வண்டிகிட்டப் போனா கேக்குது. தனக்குத்தானே பேசிக்கற மாதிரி வாய்க்குள்ள பேசுது."

அம்மா ஒலியைக் குறைத்திருக்கிறாள். நான் கூவுவது தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று, தனக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு. அன்று பாதிக் கட்டுகள் மீந்து வாடின.

அடுத்த நாள் காலை வேலையை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டு, வண்டியோடு நானும் போனேன். முதல் தெருவில் நுழைந்ததும் ஒலியைக் கூட்டினேன். என் குரல் சுவருக்குச் சுவர் அடித்தது. ஒரு ஜன்னல் திறந்தது. அம்மா தண்ணீர் தெளிப்பது போலக் குனிந்து, குறைக்கும் பட்டனை அழுத்தினாள். நான் கூட்டினேன். அவள் குறைத்தாள். ஒரு வீட்டு வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாள் எங்களையே பார்த்தார். அம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "விடும்மா" என்றேன் மெதுவாக. அவள் கேட்கவில்லை. ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையை ஸ்பீக்கரின் முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். கம்பி வலை முழுதும் அவள் உள்ளங்கைக்குள் மறைந்தது. என் குரல் உள்ளே எங்கோ முனகிக்கொண்டு வந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுக்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவது தெருவையும் அப்படியே கடந்தோம்.

மூன்றாவது தெருத் திருப்பத்தில் மேல்மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"கீரைக்காரம்மா! மணத்தக்காளி கீதா? வாய்ப்புண்ணு, எங்க வீட்ல ஒண்ணும் முழுங்க முடியல அவருக்கு!"

அம்மா தலையை நிமிர்த்தினாள். கழுத்து நரம்பு இரண்டும் புடைத்து எழுந்தன. வாய் திறந்துவிட்டது. இருபது வருடப் பழக்கம், நினைத்து வருவதில்லை. திரையில் பார்த்த அந்த இரண்டு மடிப்புகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

"கீதுக்கா!" என்று கத்தினேன். "விடிகாலைல பறிச்சது, எறங்கி வாங்க!"

ஸ்பீக்கரில் இல்லை, என் தொண்டையிலிருந்து, தெருவில் நின்று. கத்தி முடித்த பிறகுதான் என் கழுத்தில் விடுதியின் அடையாள அட்டை தொங்குவதைக் கவனித்தேன். நேராக வேலைக்குப் போக வேண்டும் என்று மாட்டி வந்திருந்தேன்.

"யாரு அது? ஆள் வச்சிட்டியா?" என்றார் மேலே இருந்தவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவள் அவள். நான்தான் சொன்னேன்.

"பொண்ணுக்கா. அவங்க பேசக் கூடாது, தொண்டையில முடிச்சு."

"எந்தப் பொண்ணு? படிச்ச பொண்ணுன்னு சொல்லிக்கினே இருப்பாங்களே, அதுவா?"

"அதுதான்கா."

அவர் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. அம்மா மணத்தக்காளியில் நல்லதாக ஒரு கட்டை எடுத்து உதறினாள். தண்ணீர் என் சேலையில் தெறித்தது. அவள் முகம் இறுகியிருந்தது. அது என் மேல் உள்ள கோபமா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவும் முடியாது, கேட்டால் அவள் பேச வேண்டியிருக்கும். கீரையைக் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். உதடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவில் இன்னும் இருபது வீடுகள் இருந்தன. அடுத்த வாசல் வருவதற்குள் நான் அடிவயிற்றில் மூச்சை இழுத்துக்கொண்டேன்.